மொட்டைமாடி சோலாருக்கு வரிச் சலுகை உண்டா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இரண்டு இதழ்களுக்கு முன் வருமான வரிக் கழிவுகளைப் பற்றி எழுதும்போது, "சோலார் போட்டால் வரி குறையும் என்று நினைத்து யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மற்ற எல்லாவற்றுக்கும் வந்ததைவிட அதிகம். அதனால் இந்த இதழ் முழுக்க சோலார்தான். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. சோலார் கம்பெனியில் இருந்து வந்த தம்பி, "மேடம், போட்ட பணத்தில் ஒரு பகுதியை இன்கம்டாக்ஸில் காட்டிக்கலாம், அந்தச் செக்ஷன் உங்க ஆடிட்டருக்குத் தெரியும்" என்கிறார். எனக்கு ஆடிட்டர் கிடையாது, நானே ஃபைல் செய்கிறேன். எந்தப் பிரிவில் காட்டுவது? – வாசகி, மதுரை

எந்தப் பிரிவிலும் காட்ட முடியாது அம்மா. சம்பளக்காரர் தன் வீட்டு உபயோகத்துக்கு மொட்டைமாடியில் பேனல் போட்டால், அந்தச் செலவை வருமானத்தில் இருந்து கழித்துக்கொள்ள இந்திய வருமான வரிச் சட்டத்தில் இடமில்லை. பழைய வரி முறையிலும் இல்லை, புதிய முறையிலும் இல்லை.

அப்படியானால் இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது? இரண்டு இடத்தில் இருந்து. தொழில் செய்கிறவர்களுக்கு சோலாரில் 40 சதவீதம் தேய்மானம் (பொருள் தேய்வதற்காக வருடா வருடம் லாபத்தில் இருந்து கழிக்கும் தொகை) உண்டு, அது உண்மை. அதைக் கேட்ட விற்பனையாளர்கள் எல்லா வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். இன்னொன்று வருமான வரிச் சட்டத்தின் 80ஈஈபி என்ற பிரிவு. அது மின்சார வாகனம் வாங்க எடுத்த கடனின் வட்டிக்கு வந்த கழிவு, அதுவும் 2023 மார்ச் 31க்குள் அனுமதிக்கப்பட்ட கடனுக்குத்தான். மின்சாரம், பசுமை, கடன் என்று எல்லாம் ஒன்றாகக் கலந்து காதில் விழுந்தால் சோலாருக்கும் உண்டு என்று தோன்றிவிடுகிறது. அந்தத் தம்பி உங்களை ஏமாற்ற வேண்டும் என்றே சொன்னார் என்று நான் சொல்லவில்லை, அவருக்கு யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். ஆனால் ரிட்டர்னில் கையெழுத்து உங்களுடையது, நோட்டீஸ் வந்தாலும் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

வீட்டுக்காரர்களுக்கு அரசு தருகிற உதவி மூன்று வழியில் வருகிறது: மத்திய அரசின் மானியம், குறைக்கப்பட்ட ஜிஎஸ்டி, பிணையில்லாத கடன். வாசலில் வந்து விற்கிறவரிடம் இந்த மூன்றைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடுகிறது. 5 கிலோவாட் போட்டால் மானியம் எவ்வளவு? அந்த மானியம் பேங்கில் வந்து விழுந்தால் அதற்கு வரி கட்ட வேண்டுமா? – வாசகர், திருச்சி

முதலில் மானியக் கணக்கு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்யகர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. ஆக, 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3க்கு 78,000. அதோடு முடிந்தது. நீங்கள் 5 போட்டாலும் 10 போட்டாலும் அதே 78,000தான். நான்காவது ஐந்தாவது கிலோவாட் முழுக்க உங்கள் காசு.

(நான் 2023இல் என் வீட்டு மாடியில் 3 கிலோவாட் போட்டபோது கிலோவாட்டுக்கு 14,588 வீதம் 43,764 ரூபாய்தான் கிடைத்தது. ஆறேழு மாதம் பொறுத்திருந்தால் 34,000க்கு மேல் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று வீட்டில் இப்போதும் சொல்கிறார்கள். அந்த மாதங்களில் மிச்சமான கரண்ட் பில்லையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.)

இப்போது உங்கள் அளவு. நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், மழை மாதத்தில் குறையும், பங்குனி சித்திரையில் கூடும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் சுமாராக. நீங்கள் 900 ஓட்டுகிறீர்கள். நம் கட்டண அட்டவணையில் மேலே போகப் போக யூனிட் விலை ஏறுகிறது, 800ஐத் தாண்டிய யூனிட் ஒவ்வொன்றும் 10 ரூபாய்க்கு மேல். சோலார் போட்டதும் முதலில் கழிவது அந்த மேல்தட்டு யூனிட்கள்தான், அதில்தான் பெரிய மிச்சம். அடியில் இருக்கும் விலை குறைந்த யூனிட்டையும் சேர்த்து அழிக்க வேண்டும் என்று கூடுதலாக 2 கிலோவாட் போட்டால், அந்த 2 கிலோவாட்டின் முதல் திரும்ப வர ரொம்ப நாள் ஆகும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் 3 போடுவேன், அடுத்து ஒரு ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ வரப்போகிறது என்றால் 4. அவ்வளவுதான்.

மானியத்துக்கு வரி? வேண்டாம். 2015இல் சமையல் எரிவாயு மானியம் நேரடியாக வங்கிக் கணக்குக்கு வரத் தொடங்கியபோது இதே பயம் எல்லாருக்கும் வந்தது. தனிநபருக்கு வருகிற எரிவாயு மானியமும் மற்ற நலத்திட்ட மானியங்களும் வரிக்கு உட்பட்ட வருமானம் ஆகாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் அப்போதே விளக்கம் கொடுத்தது. பாஸ்புக்கில் அந்த வரவு என்னவென்று தெரியும்படி விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

கொட்டேஷனின் நகல் இணைத்திருக்கிறேன். 3 கிலோவாட்டுக்கு 1,65,000, அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் 29,700 என்று போட்டிருக்கிறார்கள். வேறு ஒருவர் 5 சதவீதம்தான் என்கிறார். எது சரி? – வாசகர், ஈரோடு

இரண்டுமே சரியில்லை. உங்கள் தாளை மேசையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஒரு பக்கத் தாள், மேலே கம்பெனி முத்திரை, கீழே "பேனல், இன்வெர்ட்டர், ஸ்டாண்டு, வயரிங், எர்த்திங், வேலை – எல்லாம் சேர்த்து" என்று ஒரே வரியில் 1,65,000. அந்த ஒரே வரிதான் பிரச்சினை.

சோலார் பொருத்திக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் பொருளும் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. ஜிஎஸ்டி விதிப்படி மொத்தத் தொகையில் 70 சதவீதத்தைப் பொருளாகவும் 30 சதவீதத்தைச் சேவையாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். சோலார் கருவிகளுக்கான வரி 2021 அக்டோபரில் இருந்து 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. சேவைக்கு 18. ஆக 70இல் 5 சதவீதம் 3.5, 30இல் 18 சதவீதம் 5.4, கூட்டினால் 8.9 சதவீதம். முன்பு இது 13.8 ஆக இருந்தது.

உங்கள் 1,65,000க்கு 8.9 சதவீதம் என்றால் 14,685 ரூபாய். அவர்கள் போட்டிருப்பது 29,700. வித்தியாசம் 15,015 ரூபாய். இது சின்னத் தொகை இல்லை, ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இரண்டு மூன்று மாத மளிகை.

கம்பெனிக்குப் போன் செய்து சண்டை போட வேண்டாம். "70க்கு 30 பிரித்து, இரண்டு வரியையும் தனித்தனியாகக் காட்டிப் புதுக் கொட்டேஷன் கொடுங்கள்" என்று வாட்ஸப்பில் எழுத்தில் கேளுங்கள். தெரிந்துதான் கேட்கிறார் என்று புரிந்ததும் பெரும்பாலும் திருத்திக் கொடுத்துவிடுவார்கள். அப்படிக் கொடுக்காதவரிடம் 25 வருடம் மாடியில் இருக்கப்போகிற பொருளை வாங்காதீர்கள். இன்னொன்று, வரி குறைந்த அளவுக்கு அடிப்படை விலையை ஏற்றிவிட்டார்களா என்று பார்க்க இன்னும் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள்.

அந்தத் தாளில் இன்னொரு குறையும் உண்டு. பேனல் இந்தியாவில் செய்ததா என்று எங்கும் எழுதவில்லை. இந்தியச் செல் கொண்டு இந்தியாவில் செய்த பேனலுக்குத்தான் மானியம், டீலர்கள் அதை டிசிஆர் பேனல் என்பார்கள். வெளிநாட்டுச் செல் போட்ட பேனல் விலை குறைவு, ஆனால் அதைப் போட்டால் 78,000 போய்விடும். "டிசிஆர்" என்ற சொல் கொட்டேஷனிலும் இருக்க வேண்டும், பில்லிலும் இருக்க வேண்டும். பேனலை மாடிக்கு ஏற்றும்போது, ஸ்டாண்டில் மாட்டுவதற்கு முன்பே, பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் வரிசை எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு குனிந்து படுத்தாலும் அந்த ஸ்டிக்கர் கண்ணில் படாது.

என் கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. வீடு என் பெயருக்கு வந்துவிட்டது, ஆனால் கரண்ட் கனெக்ஷன் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. மானியம் கிடைக்குமா? – வாசகி, காரைக்குடி

கிடைக்கும், ஆனால் முதலில் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள் அம்மா. விண்ணப்பமே மின் இணைப்பு எண்ணை வைத்துத்தான் தொடங்குகிறது. அதில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் இன்னொரு பெயர் என்று இருந்தால் பேனல் மாட்டி, மீட்டர் மாற்றி, எல்லாம் முடிந்தபிறகு கடைசிப் படியில் மானியம் நின்றுபோகும். இப்படி நின்றுபோன கதைகளோடு மட்டும் இந்த முறை நான்கு கடிதம் வந்திருக்கிறது, நான்கும் உங்களைப் போலத் தனியாக எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் பெண்களிடம் இருந்து. படிக்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உங்கள் பெயரில் உள்ள சொத்து வரி ரசீது இவற்றோடு ஈபி ஆபீஸுக்குப் போங்கள், ஆன்லைனிலும் செய்யலாம். பெயர் மாறிய பிறகு சூர்யகர் தளத்தில் பதியுங்கள். ஆதாரில், வங்கிக் கணக்கில், இணைப்பில் மூன்றிலும் இனிஷியல் உட்பட பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 10 கிலோவாட் வரை, இணைப்பு சோலாருக்கு ஏற்றதா என்று ஈபி பார்க்கும் சாத்தியக்கூறு ஆய்வுக்குத் தனியாகக் காத்திருக்க வேண்டியதில்லை, விதியிலேயே விலக்கு உண்டு. தளத்தில் பதிவு செய்த நிறுவனத்திடம்தான் வேலை கொடுக்க வேண்டும். பணிமுடிந்த அறிக்கை ஏறியதும் வங்கி விவரம் கொடுத்தால் மானியம் நேராக உங்கள் கணக்குக்கு வரும். "மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதி கொடுங்கள், மானியம் வந்ததும் எங்களுக்கு மாற்றிவிடுங்கள்" என்று யாராவது ஏற்பாடு சொன்னால், அதற்காகக் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை எதுவும் கொடுக்காதீர்கள்.

லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறைக் கூரையில் 10 கிலோவாட், 5,50,000 ரூபாய். 40 சதவீதம் கழியும் என்பது உண்மையா? – வாசகர், கோவை

உண்மை. வருமான வரி என்ற சொல் சோலாரோடு நிஜமாகவே ஒட்டுகிற இடம் இதுதான். 2017 மார்ச் வரை இது 80 சதவீதமாக இருந்தது, அதன்பிறகு 40.

5,50,000 முதலீட்டில் 40 சதவீதம் 2,20,000. முதல் வருடம் உங்கள் லாபத்தில் இருந்து அவ்வளவும் கழியும். மீதி 3,30,000, அதில் 40 சதவீதம் 1,32,000 இரண்டாம் வருடம். இப்படியே இறங்கிக்கொண்டு போகும். 2,20,000 கழிகிறது என்றால் வரியில் 2,20,000 மிச்சம் என்று அர்த்தமில்லை, நீங்கள் 20 சதவீத அடுக்கில் இருந்தால் வரியில் குறைவது 44,000ம் அதன்மேல் செஸ்ஸும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

நாள் முக்கியம். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் பாதித் தேய்மானம்தான், அதாவது 20 சதவீதம். அதனால் செப்டம்பருக்குள் மின்சாரம் வரத் தொடங்கிவிட வேண்டும். பில் போட்ட தேதியை நம்ப வேண்டாம், ஓடத் தொடங்கிய தேதிதான் கணக்கு. ஜிஎஸ்டி பதிவு இருந்து, கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொண்டீர்கள் (அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொண்டீர்கள்) என்றால் அந்தத் தொகையைத் தேய்மானத்துக்கான முதலீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒரே பணத்துக்கு இரண்டு சலுகை கிடையாது.

அப்புறம் ஒரு கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, நானே கேட்கிறேன். கணக்குப் புத்தகம் வைத்து லாபம் காட்டுகிறீர்களா, இல்லை விற்பனையில் 8 அல்லது 6 சதவீதம் என்று அனுமான வருமானம் காட்டுகிறீர்களா? இரண்டாவது வழி என்றால் தேய்மானம் அதற்குள்ளேயே கழிந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், தனியாக 40 சதவீதம் கேட்க முடியாது. சிறு பட்டறைக்காரர்களில் பாதிப்பேருக்கு மேல் இந்த வழியில்தான் ஃபைல் செய்கிறார்கள் என்பது என் அனுபவம், அவர்களிடமும் இந்த 40 சதவீதத்தைச் சொல்லித்தான் விற்கிறார்கள். ஆர்டர் கொடுக்கும் முன் ஆடிட்டரிடம் இதை மட்டும் கேட்டுவிடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை புதிய வருமான வரிச் சட்டப்படி என்பதால் பழைய பிரிவு எண்களை வைத்துக்கொண்டு இணையத்தில் தேட வேண்டாம்.

சூர்யகர் மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும்தான், பட்டறைக்குக் கிடையாது. வீட்டு இணைப்பில் மானியம் வாங்கிவிட்டு அதே பேனலைப் பட்டறைக் கணக்கில் காட்டி 40 சதவீதம் எடுக்கலாமா என்று வேறு இருவர் கேட்டிருந்தார்கள். கூடாது.

மகன் டெக்சாஸில் இருக்கிறான். வீட்டில் சோலார் போட்டதில் 30 சதவீதத்தை வரியில் கழித்துக்கொண்டான். நம் நாட்டில் ஏன் அப்படி இல்லை? – வாசகர், தாம்பரம்

அங்கேயும் இனி இல்லை. வீட்டு சோலார் செலவில் 30 சதவீதத்தைக் கட்ட வேண்டிய வரியில் இருந்தே கழித்துக்கொள்ளும் அந்தச் சலுகை 2032 வரை முழுதாக இருக்கும் என்றுதான் சட்டம் இருந்தது. 2025 ஜூலை 4இல் கையெழுத்தான புதிய சட்டம் அதை 2025 டிசம்பர் 31 செலவோடு நிறுத்திவிட்டது. மகன் அதற்குள் போட்டுவிட்டார் என்றால் நல்ல காலம்.

ஏன் இங்கே அப்படி இல்லை என்றால், வரியில் கழிப்பது வரி கட்டுகிறவருக்குத்தான் உதவும். அமெரிக்காவிலும் கட்ட வேண்டிய வரியே இல்லாதவருக்கு அந்த 30 சதவீதம் பணமாகத் திரும்ப வராது. நம் ஊரில் வருமான வரி கட்டாத வீடுகள்தான் அதிகம். காரைக்குடியில் இருந்து எழுதிய அம்மாவுக்கு வரிக் கழிவு கொடுத்தால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது, 78,000 வங்கியில் போட்டால் கிடைக்கும். அதனால் மானியமாகக் கொடுப்பதே சரி என்பது என் கருத்து, இதை நான் அழுத்தமாகவே சொல்வேன். குறை என்று சொன்னால், முழுப் பணத்தையும் முன்கூட்டியே புரட்ட வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் பொதுத்துறை வங்கிகளில் 3 கிலோவாட் வரை 2 லட்சம் ரூபாய் வரை பிணையில்லாத கடன் இருக்கிறது, வட்டி ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு சேர்ந்தது, தனிநபர் கடனைவிட ரொம்பக் குறைவு. நகையை அடகு வைப்பதற்கு முன் அதைக் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் அடுக்ககத்தில் 24 வீடு. மாடி பொது. தனித்தனியாக மானியம் வாங்க முடியுமா? – வாசகர், சென்னை

பொது மாடியில் ஒருவர் மட்டும் இடம் பிடிக்க மற்றவர்கள் ஒத்துக்கொள்வது கஷ்டம். சங்கத்தின் பெயரில் போடுங்கள், லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு போன்ற பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு. வாகன சார்ஜிங்கும் இதில் சேரும். வீட்டுக்கு 3 கிலோவாட் கணக்கு என்பதால் உங்களுக்கு உச்ச வரம்பு 72 கிலோவாட், ஆனால் அவ்வளவுக்கு மாடியில் இடம் இருக்காது. 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்று காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மாடியேறிப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

நாங்கள் இரண்டு பேர்தான், ஓய்வூதியம். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட்தான் வரும். திட்டம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது, இப்போதே போட்டுவிடுங்கள் என்று போன் மேல் போன் வருகிறது. அடிக்கடி கரண்ட் போகிறது, அதற்காவது உதவுமா? – வாசகர், நாகர்கோவில்

போட வேண்டாம் ஐயா. முதல் 100 யூனிட் இலவசம், மீதி 80 யூனிட்டுக்கு நீங்கள் கட்டுவது 200 ரூபாய்க்குள்தான் இருக்கும். வருடத்துக்கு 1,200 ரூபாய்கூட வராது. மானியம் போக 1 கிலோவாட்டுக்கு நீங்கள் போடுகிற பணம் திரும்பி வர எத்தனை வருடம் ஆகும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். திட்டம் 2026-27 வரைதான் என்பது சரி, ஆனால் தேவையில்லாத பொருள் மானியத்தில் கிடைக்கிறது என்பதற்காகத் தேவையாகிவிடாது.

கரண்ட் போகிற விஷயத்தை அவர்கள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். மானியத்தில் போடுகிற சாதாரண ஆன்கிரிட் சோலார் (ஈபி லைனோடு இணைந்து ஓடுவது), ஈபி கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும் சரி. கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேனுக்கு நம் மாடியில் இருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டரே அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் வேண்டும், பேட்டரிக்கு மானியம் கிடையாது. உங்களுக்கு இரண்டு ஃபேனும் நாலு லைட்டும் ஓடினால் போதும் என்றால் வழக்கமான வீட்டு இன்வெர்ட்டரும் ஒரு நல்ல பேட்டரியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மகனோ மகளோ பேரக்குழந்தைகளோடு வந்து தங்கி, ஏசி போட்டு, பில் 500 யூனிட்டைத் தாண்டத் தொடங்கினால் அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள், பில்லின் நகலோடு.